சுண்டைக்காயும் சுமைகூலியும்

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழியைச் சொன்னவர் கார் வைத்திருந்திருக்க முடியாது. ஆனால் பழைய காருக்கு வெளியூரிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வரவழைத்த எவருக்கும் அதன் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு ரப்பர் வாஷரின் விலையைவிட அதை அனுப்பும் செலவு அதிகம் என்ற கணக்கை நம்மில் பலர் போட்டுப் பார்த்திருக்கிறோம்.

அந்தக் கூலி எப்படி வந்தது, யார் நிர்ணயித்தார்கள், ஏன் சில சமயம் தபால் மலிவாகவும் சில சமயம் லாரி மலிவாகவும் இருக்கிறது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நடுத்தரமான ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் பிரிவுகளில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் என்பதால், அந்தச் சரித்திரத்தின் கடைசி அத்தியாயங்கள் சிலவற்றை என் மேஜைக்கு முன்னாலேயே பார்த்தேன்.

நம்ம பக்கத்து விசித்திரம்

முதலில் நம் ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதே, அந்தப் பாதைதான் இன்றும் அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகிறது. அதற்குப் பின் ஏறக்குறைய நூறு வருடம் ஏரியும் வயலுமாகத்தான் இந்தப் பக்கம் கிடந்தது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1959-இல் டன்லப் டயர் தொழிற்சாலை. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வரிசையாக லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1965-இல் ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா வெளியே வந்தது.

ஆக, ஒரு காருக்கு வேண்டிய சக்கரம், டயர், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ எல்லாம் நம் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்ச் சேரும் தூரத்தில் தயாராயின. ஆனால் தொழிற்சாலை வாசலில் போய் "ஐயா, எனக்கு ஒரு வீல் சிலிண்டர் வேண்டும்" என்று கேட்டால் வாட்ச்மேன் சிரிப்பார். அங்கே செய்த பாகம் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கும், பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸுக்கும் போகும். மீதி, ஊர் ஊராக இருந்த மொத்த விநியோகஸ்தர்களுக்குப் போகும். சில்லறையாக வேண்டுமென்றால் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதிது வேண்டாம், பழையதே போதும் என்றால் புதுப்பேட்டை.

அந்த இரண்டு இடத்திலும் இல்லையென்றால் வெளியூர்க் கடைதான். டெல்லியில் காஷ்மீரி கேட், கல்கத்தாவில் மல்லிக் பஜார், பம்பாயில் ஆபரா ஹவுஸ் பக்கம். கடிதம் எழுதி, பணம் அனுப்பி, பார்சலுக்காகக் காத்திருக்க வேண்டும். பாடியில் செய்த சாமான் டெல்லிக் கடையின் அலமாரியில் சில மாதம் இருந்துவிட்டு மறுபடி அம்பத்தூருக்கே வருவதும் உண்டு. போக ஒரு கூலி, வர ஒரு கூலி. இரண்டும் நம் பில்லில்தான்.

இதில் இன்னொரு வேடிக்கை. மூலப்பொருளான இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. 1956 முதல் மத்திய அரசு எஃகுக்கு ஒரே சீரான விலை முறையைக் கொண்டுவந்தது. ஜாம்ஷெட்பூரில் வாங்கினாலும் மெட்ராஸில் வாங்கினாலும் ஒரே விலை. ரயில் கூலியை எல்லார் தலையிலும் சமமாகப் பகிர்ந்துவிடுவார்கள். சுரங்கமோ உருக்காலையோ இல்லாத பாடியிலும் அம்பத்தூரிலும் இத்தனை தொழிற்சாலைகள் தழைத்ததற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். பீகார், வங்காளக்காரர்களுக்கு அதில் நியாயமான வருத்தம் இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் இரும்பு உருமாறி ஒரு பிரேக் பாகமாகிவிட்டால் அதற்கு அந்தச் சலுகை கிடையாது. கிலோவுக்கு இவ்வளவு, மைலுக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காவடியிலிருந்து வி.பி.பி. வரை

கம்பெனி காலத்துத் தபாலில் கடிதம் தனி, மூட்டை தனி. மூட்டைத் தபாலுக்கு 'பங்கி' என்று பெயர். தோளில் ஒரு கழி, இரண்டு பக்கமும் சுமை. நம் ஊர்க் காவடிதான். ஆள் சுமந்து ஓடுவதால் எடைக்கும் தூரத்துக்கும் சேர்த்தே கூலி. 1854-இல் கடிதத்துக்கு நாடு முழுவதும் தூரம் பார்க்காமல் எடைக்கு மட்டும் ஒரே கட்டணம் என்று வந்தபோது, மூட்டைக்கு அந்தத் தாராளம் காட்டப்படவில்லை. அரையணாக் கடிதத்தை இமயம்வரை சுமக்கலாம், இரும்புச் சாமானைச் சுமப்பது எப்படி?

ரயில் பாதைகள் பரவிய பிறகுதான் பார்சல் தபால் சாமானியர் கைக்கு எட்டியது. மெட்ரிக் அளவு வருவதற்கு முன் கட்டணம் தோலாக் கணக்கில் இருந்தது. பார்சலுக்கு 40 தோலா ஒரு படி. அது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கிராம் கணக்கு வந்த பிறகு, பின்னாளில் அரைக் கிலோ படியானது. பழைய படியின் நிழல் இன்றைக்கும் ஸ்பீட் போஸ்ட் கட்டணப் பட்டியலில் விழுந்திருக்கிறது.

1877-இல் நம் தபால் இலாகா ஒரு அருமையான காரியம் செய்தது. அதுதான் வி.பி.பி. சாமானைத் தபால்காரர் கொண்டுவருவார், பணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பணம் கடைக்காரருக்குப் போய்ச் சேரும். இன்றைக்கு 'கேஷ் ஆன் டெலிவரி' என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதை நம் தாத்தாவின் தாத்தாவே பார்த்துவிட்டார். முகம் தெரியாத இரண்டு பேர் ஆயிரம் மைல் இடைவெளியில் வியாபாரம் செய்ய முடிந்தது இதனால்தான். கைக்கடிகாரம், புத்தகம், டானிக், தையல் மிஷின் ஊசி, பிறகு மோட்டார் சாமான் என்று எல்லாம் வந்தன. ஒரே குறை, பணம் கொடுத்த பிறகுதான் பிரிக்கலாம். உள்ளே கேட்ட பாகம் இருக்கிறதா, வேறு மாடலுக்கு உரியது இருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும். திருப்பி அனுப்பினால் இன்னொரு கூலி.

பார்சல் கட்டுவதே அந்தக் காலத்தில் ஒரு கலை. காடாத் துணியில் தைத்து, தையல் ஓரத்தில் அரக்கு முத்திரை வைத்து, விலாசத்தை மையால் துணிமேலேயே எழுதுவார்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்த பிறகு நமக்கெல்லாம் ஆறு இலக்கம் கிடைத்தது. அம்பத்தூருக்கு 600053, ஆவடிக்கு 600054, பூந்தமல்லிக்கு 600056. பெரியவர்கள் பல காலம் 'மெட்ராஸ்-53' என்றே எழுதினார்கள். அதுவும் சரியாக வந்து சேர்ந்தது.

பிரிட்டனும் அமெரிக்காவும் போட்ட கணக்கு

கூலியை ஒப்பிட்டுப் பார்ப்பது நம் ஊர்ச் சிக்கனம் மட்டும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 1883 ஆகஸ்ட் 1-இல் பார்சல் தபால் தொடங்கியது. ரயில் கம்பெனிகள் தங்கள் வண்டியில் போகும் பார்சல்களின் தபால் கட்டணத்தில் 55 சதவீதம் எங்களுக்கு வேண்டும் என்று பேசி வாங்கிக்கொண்டன. தபால் இலாகா நாலு வருடம் பொறுத்துப் பார்த்தது. 1887-இல் லண்டனுக்கும் பிரைட்டனுக்கும் இடையே பார்சல்களை ராத்திரியில் குதிரை வண்டியில் அனுப்பத் தொடங்கியது. ரயில் யுகம் உச்சத்தில் இருக்கும்போது குதிரை வண்டி! காரணம் வேறொன்றும் இல்லை, அந்த 55 சதவீதத்தைவிடக் குதிரைக்குப் போடும் தீனி மலிவு.

அமெரிக்காவில் 1913 ஜனவரி 1 வரை அரசாங்கப் பார்சல் தபால் கிடையாது. தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் வைத்ததே கூலி. அரசாங்கம் இறங்கியதும் தூரத்தை மண்டலங்களாகப் பிரித்து எடைக்குக் கட்டணம் வைத்தது. கிராமத்து விவசாயி கேட்டலாக் பார்த்து உழவுச் சாமானும், பிறகு ஃபோர்டு காருக்கு உதிரிப் பாகமும் வீட்டு வாசலிலேயே வாங்கினான்.

அந்தக் கட்டணத்தின் ஓட்டையை ஒரு ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த கதை சுவையானது. 1916-இல் யூட்டா மாநிலத்தில் வெர்னல் என்ற சிற்றூரில் ஒரு வங்கிக் கட்டிடம் கட்டினார்கள். செங்கல் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வர வேண்டும். சரக்கு வண்டிக் கூலி செங்கல் விலையைப்போல் சில மடங்கு. தபால் கட்டணமோ அதைவிட வெகு குறைவு. உடனே செங்கற்களை 50 பவுண்டு கட்டுகளாகக் கட்டித் தபாலிலேயே அனுப்பிவிட்டார்கள். ஒரு வங்கிக் கட்டிடத்துக்குத் தேவையான செங்கல், டன் கணக்கில், நானூறு மைலுக்கு மேல் சுற்றிக்கொண்டு தபாலில் வந்தது. தபால் ஊழியர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! ஒருவர் ஒரு நாளில் ஒரு விலாசத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று இலாகா அவசரமாக விதி போட்டது. கட்டிடம் என்னவோ எழும்பிவிட்டது.

கட்டணப் பட்டியல் என்பது யாரோ ஒருவர் ஒரு சராசரி மூட்டையை மனத்தில் வைத்துப் போடும் கணக்கு. நம் மூட்டை அந்தச் சராசரியைவிடக் கனமா, இலேசா, நீளமா என்பதைப் பொறுத்து நமக்கு லாபமோ நஷ்டமோ வரும். அதைக் கண்டுகொள்பவர் பிழைத்துக்கொள்கிறார்.

வால்டாக்ஸ் ரோடும் எல்.ஆர். சீட்டும்

தபாலின் எடை வரம்பைத் தாண்டிய சாமானுக்கு ரயில் பார்சல். ஹவுரா மெயிலிலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் பார்சல் பெட்டி இருக்கும். சென்ட்ரலில், வால்டாக்ஸ் ரோடு பக்கத்துப் பார்சல் ஆபீஸில் போய் எடுக்க வேண்டும். மொத்தச் சரக்கென்றால் சால்ட் கோட்டர்ஸ். கையில் ஆர்.ஆர். என்கிற ரயில்வே ரசீது இல்லாமல் சாமான் கிடையாது.

கடைக்காரருக்கு நம்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் ஆர்.ஆரை நமக்கு அனுப்ப மாட்டார், பேங்குக்கு அனுப்புவார். பேங்கில் பணம் கட்டினால் ரசீது, ரசீது காட்டினால் சாமான். பேங்க் கமிஷன் தனி. இதற்குள் சாமான் வந்து நாள் கணக்கில் கிடந்தால் 'வார்ஃபேஜ்' என்று தாமதக் கூலி. பத்து ரூபாய் சாமானுக்காகச் சென்ட்ரலில் அரை நாள் நின்றவர்கள் இதைப் படிப்பவர்களில் இருப்பார்கள்.

ரயில் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. 'ரயில்வே ரிஸ்க்', 'ஓனர்ஸ் ரிஸ்க்' என்று இரண்டு விதம். இரண்டாவது மலிவு. ஆனால் உடைந்தால், தொலைந்தால் ரயில்வேயின் பொறுப்பு மிகவும் குறைவு. இரும்பு கியரை ஓனர்ஸ் ரிஸ்க்கில் போடலாம், விண்ட்ஸ்கிரீன் கண்ணாடியைப் போடலாமா? எங்கள் டெஸ்பாட்ச் பிரிவில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு மூத்தவர் ஒருவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான். "தம்பி, சீட்டில் கூலி எவ்வளவுன்னு பார்க்காதே. உடைஞ்சா யார் தலையிலேன்னு பாரு."

அடுத்தது லாரி. எல்.ஆர். சீட்டு, அதில் 'பெய்டு' அல்லது 'டு பே' என்ற முத்திரை. 'டு பே' என்றால் சாமான் வாங்குகிறவர் கூலி கொடுக்க வேண்டும். கிலோ கணக்கில் பார்த்தால் லாரிதான் மலிவு. ஆனால் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வைத்திருப்பார்கள். மூணு கிலோ பெட்டிக்கும் அதே தொகை, இருபது கிலோ பெட்டிக்கும் அதே தொகை. அதற்குமேல் ஏற்று இறக்குக் கூலி, சீட்டுக்கு ஒரு சார்ஜ், கிடங்கில் நாள் தாண்டினால் அதற்கு ஒன்று. கிடங்கு பாரிமுனைப் பக்கம் ஏழுகிணறு சந்துகளில் இருந்தால், அங்கிருந்து அம்பத்தூர் வர ஆட்டோவோ ட்ரை சைக்கிளோ பிடிக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸ் வந்த கூலியும், பாரிமுனையிலிருந்து அம்பத்தூர் வந்த கூலியும் ஏறக்குறைய சமம் என்று ஆனதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

விலைப் பட்டியலிலும் ஒரு பொடி எழுத்து உண்டு. 'எஃப்.ஓ.ஆர். கல்கத்தா' என்று போட்டிருந்தால் கல்கத்தா ரயிலில் ஏற்றுவதுவரைதான் கடைக்காரர் செலவு. 'எஃப்.ஓ.ஆர். மெட்ராஸ்' என்றால் மெட்ராஸ்வரை அவர் செலவு. இரண்டு கடைக்காரர்களின் விலையை ஒப்பிடும்போது இந்த நாலு எழுத்தைப் பார்க்காதவருக்கு மலிவான கடை எது என்று தெரியவே தெரியாது. விற்பனை வரி வேறு. 1956-ஆம் வருடத்து மத்திய விற்பனை வரிச் சட்டப்படி, பதிவு பெற்ற வியாபாரி 'சி' ஃபாரம் கொடுத்தால் வெளி மாநிலச் சரக்குக்குக் குறைந்த வரி. நம்மைப்போன்ற தனி ஆளுக்குச் 'சி' ஃபாரம் ஏது? முழு வரியும் கட்ட வேண்டும்.

ஒரு டாக்ஸியின் கணக்கு

1983 வாக்கில் எங்கள் தெருவில் ஒருவர் அம்பாசடர் டாக்ஸி வைத்திருந்தார். பூந்தமல்லி ஸ்டாண்டில் நிறுத்துவார். பேங்க் கடனில் வாங்கிய வண்டி. ஒருநாள் பின் ஆக்ஸிலில் கிரவுன் பினியன் போய்விட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அந்த வாரம் சரக்கில்லை. புதுப்பேட்டையில் கிடைத்த பழையதை மெக்கானிக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, பல் தேய்ந்திருக்கிறது என்று ஒதுக்கிவிட்டார். கல்கத்தாவில் கிடைக்கும் என்று ட்ரங்க் கால் போட்டுத் தெரிந்துகொண்டார்.

கூலி விஷயம் தெரிந்தவன் என்று என்னிடம் வந்தார். லாரியில் போட்டால் மலிவு, வந்து சேரப் பத்து நாள் ஆகலாம். ஹவுரா மெயிலில் போட்டால் கூலி கிட்டத்தட்ட இரட்டிப்பு, நாலு நாளில் சென்ட்ரலில் எடுக்கலாம். அவர் மனம் லாரியைத்தான் நாடியது. கையிலிருந்த ரொக்கம் அவ்வளவுதான். நான் ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டேன். இந்தப் பக்கம் கூலி, அந்தப் பக்கம் வண்டி ஓடாத நாட்கள். ரயிலுக்கு அதிகமாகக் கொடுக்கும் பணம் ஒரு நாள் வரும்படியில் பாதிகூட இல்லை. லாரிக்குக் காத்திருந்தாலோ ஆறு நாள் வரும்படி போகும், மாதக் கடைசியில் பேங்க் தவணையும் நிற்கும்.

தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மனைவியின் கைவளையல் ஒன்றை மார்வாடிக் கடையில் வைத்து, தந்தி மணியார்டரில் பணம் அனுப்பினார். ஐந்தாம் நாள் வண்டி ஓடியது. வளையலை மீட்க நாலு மாதம் ஆனது என்று பிறகு சொன்னார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சாமான் வாங்கினாலும் 'கூலி எவ்வளவு' என்று கேட்பதற்கு முன் 'என்றைக்கு வரும்' என்று கேட்பார். மலிவான கூலி என்பது பொறுத்திருக்க வசதி உள்ளவர்களுக்குத்தான் மலிவு. அவசரத்தில் இருக்கும் ஏழைக்கு அதுவே விலை உயர்ந்தது. டெஸ்பாட்ச் பிரிவில் பத்து வருடம் சீட்டு எழுதியும் எனக்கு அது அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

ஸ்பீட் போஸ்ட், கூரியர், பெட்டியின் அளவு

1986 ஆகஸ்ட் 1-இல் ஸ்பீட் போஸ்ட் வந்தது. அதே காலகட்டத்தில் தனியார் கூரியர்களும் தெருவுக்குத் தெரு வந்தார்கள். 2012 முதல் பல வருடம் நடைமுறையில் இருந்த ஸ்பீட் போஸ்ட் கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். 1000 முதல் 2000 கிலோமீட்டர்வரை, அதாவது கல்கத்தா–சென்னை போன்ற தூரத்துக்கு, அரைக் கிலோவரை 80 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு அரைக் கிலோவுக்கும் 40 ரூபாய். நாலு கிலோ சாமானுக்கு 80-உடன் ஏழு நாற்பது, ஆக 360. அதன்மேல் 18 சதவீத வரி. மொத்தம் 424 ரூபாய் 80 காசு. அதே நாலு கிலோ ஒரே ஊருக்குள் என்றால் 30-உடன் ஏழு பத்து, ஆக 100. வரியோடு 118. ஆகவே, ஊருக்குள் இருக்கும் கடைக்காரர் முந்நூறு ரூபாய் அதிகம் கேட்டாலும் அவரிடம் வாங்குவதுதான் லாபம்.

சின்னச் சாமானில் கணக்கு இன்னும் வேடிக்கை. நூறு கிராம் எடையுள்ள ரப்பர் கிட்டுக்கு அதே தூரத்துக்கு 60 ரூபாய். நாலு கிட்டைத் தனித்தனியாக வரவழைத்தால் 240. நாலையும் ஒரே உறையில் போடச் சொன்னால் 400 கிராம்தான், 80 ரூபாயோடு முடிந்தது. பட்டியல் எழுதி, மாதம் ஒருமுறை ஆர்டர் போடும் நம் தலைமுறையின் பழக்கத்துக்கு இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

கூரியரில் புதிதாக வந்தது 'வால்யூம் வெயிட்'. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அதுவும் தராசு காட்டும் எடையும், எது அதிகமோ அதற்குக் கூலி. விமானத்திலும் வேனிலும் இடம்தான் காசு என்பதால் வந்த முறை. மாருதி 800-இன் பிளாஸ்டிக் பம்பரை 140-க்கு 40-க்கு 30 பெட்டியில் வைத்தால் 1,68,000. ஐயாயிரத்தால் வகுத்தால் 33.6 கிலோ. ஒரு கையால் தூக்கும் பம்பருக்கு முப்பத்துநாலு கிலோ கூலி! இதற்குப் பழைய லாரிதான் சரி. கனமான சின்ன கியருக்கு மாறாகக் கூரியரே கட்டுப்படியாகும். கனத்துக்கு ஒரு வழி, பருமனுக்கு ஒரு வழி என்று பிரித்துக்கொண்டால் போதும்.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்ததும் ஆந்திர எல்லையில் லாரிகள் காத்துக் கிடந்த விற்பனை வரிச் செக்போஸ்ட்டுகள் போயின, 'சி' ஃபாரத் தொல்லையும் போயிற்று. லாரி சில நாள் முன்னால் வந்தது. இன்றைக்குப் பூந்தமல்லி, நசரத்பேட்டை தாண்டிப் போனால் பெரிய பெரிய கிடங்குகள். 'டெலிவரி இலவசம்' என்கிறார்கள். இலவசம் ஒன்றும் இல்லை. பழைய 'எஃப்.ஓ.ஆர். மெட்ராஸ்' தான் புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது, கூலி விலைக்குள் இருக்கிறது.

பெருங்களத்தூரிலிருந்து லிங்கன் போன பாகங்கள்

கடைசியாக ஒன்று. வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். 1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. பிரிட்டனில் ஹெரால்டு சலூனுக்கு இரண்டு கதவுதான், பின்னால் நம் ஊர்க் குடும்பத்துக்காக நாலு கதவு வைத்தது மெட்ராஸ்காரர்கள்தான். 1985-இல் ரோவர் எஸ்.டி.1 உடம்போடு ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. எடுபடவில்லை. 1988-இல் தொழிற்சாலை நின்றது.

பிறகு பல வருடம் அந்தக் கிடங்கில் பயன்படாத பாகங்கள் அப்படியே கிடந்தன. 2006-இல் ஏலம் வந்தபோது, இங்கிலாந்தில் லிங்கன் நகரத்தில் உள்ள ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிப் பாகக் கடைக்காரர்கள் எஸ்.டி.1 பாகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பலில் கொண்டுபோய்விட்டார்கள். இனி மெட்ராஸில் யாராவது ஸ்டாண்டர்ட் 2000 வைத்திருந்து, அதற்கு ஒரு பாகம் வேண்டுமென்றால், அம்பத்தூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் கிடந்த பொருளை இங்கிலாந்திலிருந்து பார்சலில் வரவழைக்க வேண்டும். அதற்குச் சுங்க வரியும் உண்டு. அந்த வரி சாமான் விலைக்கு மட்டுமல்ல, விலையும் இன்ஷூரன்ஸும் வண்டிக் கூலியும் சேர்ந்த தொகைக்கு. கூலிக்கும் வரி.

லிங்கன்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பாகங்களுக்கு எண் போட்டு, பட்டியல் தயாரித்து, உலகத்தில் எங்கே யார் கேட்டாலும் பார்சல் கட்டி அனுப்ப முடியும் என்று நம்பினார்கள். நம்மிடம் பொருள் இருந்தது, பட்டியலும் பார்சல் கட்டும் ஆளும் இல்லை. அந்த ஏலத்துக்கு முன்னாலேயே அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு என்று பழைய வண்டிகளின் பாகங்கள் எத்தனையோ கிடங்குகளிலிருந்து கிலோ விலைக்கு உருக்காலைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அம்பாசடர் தயாரிப்பும் 2014-இல் நின்றுவிட்டது. பாடியிலும் அம்பத்தூரிலும் சிறு பட்டறை வைத்திருந்தவர்களின் பரண்களில் இன்னும் பிரிக்காத டப்பாக்கள் இருக்கும் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது இருந்தால், காயலான் கடைக்காரருக்குப் போடும் முன் டப்பாவின் மேலுள்ள பாக எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த மாடல் வண்டிக்கு, எத்தனை கிலோ, பெட்டி எத்தனைக்கு எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வாங்குகிறவர் கேட்கப்போகும் கேள்விகள் அவைதான். கூலிக் கணக்கு வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், தாளில் இரண்டு பத்தி போட்டுத் தருகிறேன்.